பெட்டிகளுக்கு வேறு இடம்

சின்ன வயதில் யாராவது என்னிடம், "அம்மாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டால், "நிக்கிற வேலை" என்பேன். விளையாட்டுக்குச் சொன்னதில்லை. பள்ளிவிட்டுப் பழவங்காடிக்குப் போய் அவளுடைய துணிக்கடைக்குள் எட்டிப் பார்த்தால், எந்த நேரமானாலும் அவள் கண்ணாடிக் கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து புடவை பார்ப்பார்கள். அவள் நின்றபடி விரித்துக் காட்டுவாள். யாரும் வராத நேரத்திலும் நிற்பாள். அதனால் நிற்பதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள் என்று நினைத்திருந்தேன். முழுக்கத் தவறு என்று இப்போதும் சொல்ல முடியாது.

அப்பா டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போகிறவர். இருவரும் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்து, கரமனையில் வாடகை வீடு பிடித்து, இங்கேயே தங்கிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், கடை போர்டு வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் புடவையை ஒரே வீச்சில் கவுண்டர் முழுக்க மடிப்பு கலையாமல் விரிக்க அவளைப் போல அந்தக் கடையில் ஆள் கிடையாது. பதினாறு வருஷமாக விரிக்கிறாள்.

பதினாறு வருஷம் நின்ற கால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும். போன ஓணத்துக்கு முன்னால் கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து அரிக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது புண்ணாயிடும். புண்ணானா ஆற மாசக்கணக்காகும். நடக்கலாம், உட்காரலாம். இப்படி ஒரே இடத்தில் நிற்கக்கூடாது" என்றார்.

"சரி டாக்டர்" என்று அம்மா தலையாட்டினாள். மறுநாள் போய் நின்றாள்.

இத்தனைக்கும் கடையில் உட்கார ஸ்டூல் இருந்தது. கேரளத்தில் கடைப்பெண்கள் போராடி, வேலைக்கு நடுவே உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டமே வந்தாயிற்று. அம்மாவின் கடையிலும் சட்டத்துக்கு மரியாதை கொடுத்து ஆறு ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். போட்ட மறுவாரம் ஸ்டூல்கள்மேல் புடவைப் பெட்டிகள் ஏறின. லேபர் ஆபீஸிலிருந்து ஆள் வருகிறார் என்று தெரிந்தால் பெட்டிகள் இறங்கும். அவர் ஒரு சாயா குடித்துவிட்டுப் போனதும் மறுபடி ஏறும். உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. "கஸ்டமர் கேறி வரும்போ நிங்க இரிந்நா, கடை படுத்துப்போச்சுன்னு நினைக்கும்" என்று சூப்பர்வைசர் எப்போதோ ஒருமுறை சொன்னதோடு சரி.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு அமெரிக்கா வந்து வாய்த்தது. எம்.ஏ. வரலாறு இரண்டாம் வருஷம். செமினாருக்குச் சீட்டுப் போட்டு எடுத்தோம். என் சீட்டில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் சமூகச் சீர்திருத்த இயக்கங்கள் என்று இருந்தது. பக்கத்தில் இருந்தவனுக்குத் திருவிதாங்கூர் நிலவரி. நான் பொறாமையோடு அவன் சீட்டைப் பார்த்தேன்.

பாளையத்து நூலகத்தில் போய் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது நாளில் நிலவரி மறந்துபோனது. அந்தக் காலத்தில் அங்கே எதை எடுத்தாலும் திருத்தவேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அடிமை முறையை ஒழிக்க ஒரு கூட்டம். ஏழைப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஒரு கூட்டம். மனநிலை சரியில்லாதவர்களைச் சிறையில் பூட்டி வைக்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதி வைத்த ஒரு பெண். குடியை விட்டேன் என்று சங்கத்தில் கையெழுத்துப் போடும் ஆட்கள். தவிட்டோடு அரைத்த மாவில்தான் ரொட்டி சுடவேண்டும் என்பதற்குக்கூட ஒரு சங்கம்.

என் உற்சாகத்துக்கு முதலில் பலியானவர் அப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளில் 'இன்று முதல் மது அருந்த மாட்டேன்' என்று எழுதி அவர் முன்னால் வைத்தேன். இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு வழக்கத்தை எங்கள் வீட்டில் தொடங்கி வைக்கும் பெருமை எனக்கு.

அப்பா தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏல, நான் குடிக்கிறதே கட்டன்சாயாதானல?"

உண்மை. பாலில்லாத தேநீரைத் தாண்டி அவர் எதையும் குடிப்பதில்லை. கையெழுத்து வாங்கவேண்டும் என்ற அவசரத்தில் அதைக் கவனிக்க மறந்துவிட்டேன்.

"அவங்கள்ல சில பேரு சாயாவும் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கப்பா."

"அப்ப அந்த ஆளுங்க நம்ம கூட ஒத்துவர மாட்டாங்க" என்று சொல்லி டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதோடு நான் அடங்கியிருக்கவேண்டும். ஆனால் அடுத்த வாரம் வாசித்தது என்னை இருக்கவிடவில்லை. அடிமை முறையை எதிர்த்து அங்குள்ள பெண்கள் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஓட்டு கிடையாது. மேடையேறிப் பேசினால் ஏசுவார்கள். கையில் இருந்தது ஒரு தாள்தான். அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். நூற்பாலையில் வேலை பார்த்த பெண்களும் அப்படித்தான், வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி மனு எழுதினார்கள். இதை வாசித்த இடத்தில் அம்மாவின் கெண்டைக்கால் என் கண்முன்னால் வந்தது.

அன்றே பெண்களை உட்காரவிடச் சொல்லி அம்மாவின் கடை முதலாளிக்கு மனு எழுதினேன். ஆங்கிலத்தில். நூலகத்தில் வாசித்த சொற்களெல்லாம் கையோடு வந்தன. சங்கிலி, நுகத்தடி, கண்ணீர், மனித குலத்தின் மனசாட்சி. இரண்டு பக்கம். பின்னால் மலையாளத்திலும் ஒரு பிரதி. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டேன். கடையில் பெண்கள் எத்தனை பேர், யார் யார் என்று அம்மாவிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன். அவள் வருகைப் பதிவேட்டில் இருக்கிற வரிசையிலேயே சொன்னாள். எத்தனையோ வருஷமாகத் தினமும் காலையில் பார்க்கிற வரிசை. நானும் அப்படியே ஒன்று முதல் பதினாலு வரை எண் போட்டுப் பெயரை எழுதினேன். பழைய ஆள் என்பதால் அம்மா பெயர் முதலில் வந்தது. எனக்கு அதில் சந்தோஷம்கூட. மறுநாள் காலை அவள் சாப்பாட்டுப் பையில் தாளை வைத்து, "மத்தியானம் எல்லாரும் சாப்பிடும்போது படிச்சுப் பாருங்கம்மா" என்றேன்.

அடுத்த நாள் காலை நான் தோசைக்கு உட்கார்ந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தாள் இருந்தது. சாம்பார் பட்டு ஒரு மூலை மஞ்சளாகியிருந்தது. கையெழுத்து ஒன்றுகூட இல்லை.

"ஏன் மக்கா, என் பேர முதல்ல போட யாருகிட்ட கேட்ட?"

அம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"சீனியர்னுதாம்மா..."

"சீனியர்! இதுக்கு முன்ன ஒருத்தி சீனியரா நின்னு லீவு கேட்டா. கேட்டியா? அவள திட்டவுமில்ல, அனுப்பவுமில்ல. மறுநாளு மூணாம் மாடி ஸ்டாக் ரூமுக்கு மாத்துனாங்க. ஒரு நாளைக்கு முப்பது தடவ படி ஏறி இறங்கணும், கையில துணிக்கட்டோட. ரெண்டு மாசத்துல அவளே வேலைய விட்டு நின்னுட்டா. இந்தக் கால வச்சிட்டு நான் அந்தப் படி ஏறவா?"

நான் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"அதுவும் நேத்து எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா? ஆளாளுக்கு பேனாவ என் கையில திணிச்சு, 'அக்கா போடட்டும், பொறகு நாங்க'ன்னாங்க. நான் எப்பிடிப் போடுவேன்? அப்புறம் அந்தச் சங்கிலி. ஃபால்ஸ் தைக்கிற சேச்சி வாசிச்சிட்டு கேக்கா, 'அக்கா, உங்க மோன் நம்மள எங்கே கெட்டியிட்டிருக்குன்னு எழுதியிருக்கான்?'னு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. எங்களுக்கு கொஞ்ச நேரம் இரிக்கணும், அவ்வளவுதான். கண்ணீரு, சங்கிலி எல்லாம் யாருக்கு வேணும்?"

இந்தச் சேச்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். புடவையின் அடிக்கரை தேயாமலிருக்க உள்பக்கம் வைத்துத் தைக்கிற நீளத் துணிப்பட்டைக்கு ஃபால்ஸ் என்று பெயர். அதைத் தைத்துக் கொடுக்கக் கடையின் ஓரத்தில் ஒரு தையல் மெஷின் உண்டு. சேச்சி நெடுமங்காட்டிலிருந்து வருகிறவர். இவரை அம்மா சேச்சி என்பாள், இவர் அம்மாவை அக்கா என்பார். ஒருவரையொருவர் மூத்தவராக்கிவிடுவதில் இருவருக்கும் போட்டி. பேச்சு பாதித் தமிழ், பாதி மலையாளம். பதினாலு பேரில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒரே ஆள் அவர்தான், மெஷினை நின்றுகொண்டு மிதிக்க முடியாது என்பதால்.

நான் அந்தத் தாளை நாலாக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தேன். வெட்கமாக இருந்தது. எந்த மனிதர்களுக்காக எழுதினேனோ அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் எழுதியிருக்கிறேன். கேட்டிருந்தால் முதல் பெயர் என்பது கௌரவமில்லை என்று பதினாலு பேரில் யாராவது சொல்லியிருப்பார்கள். வருகைப் பதிவேட்டு வரிசை தெரிந்த எனக்கு அந்த வரிசையில் முதலில் நிற்பதன் பயம் தெரியவில்லை.

நூலகத்துக்குத் திரும்பினேன். இந்தத் தடவை பெரிய பேச்சுகளைப் புரட்டவில்லை. அந்த மனுக்கள் எப்படி இருந்தன, எப்படி வாங்கினார்கள், கொடுத்தபின் என்ன ஆயிற்று என்று மட்டும் தேடினேன்.

அம்மாவுக்கு வார விடுமுறை. மத்தியானம். பிளாஸ்டிக் வாளியில் உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு பயறு ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மனுவைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. செமினாரைப் பற்றி அவளே கேட்டாள்.

"அந்தப் பொம்பளைங்க வீடு வீடாப் போனாங்கன்னியே, வீட்டுக்காரன் ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லியிருப்பாங்கம்மா. ஊர்ல பல பேர் ஏசியிருக்காங்க. பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு. சில வீட்ல கதவத் தெறக்கவே இல்ல."

"பொறகு?"

"அடுத்த வீட்டுக்குப் போனாங்க."

அம்மா ஒரு சொத்தைப் பயறை எடுத்து வெளியே வீசினாள். "எல்லாரும் கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்களா?"

"தெரியாதவங்களும் இருந்திருக்காங்க. வெறும் கோடு போட்டிருக்காங்க. ஒரு தாள் தீந்ததும் அடுத்த தாள அதுக்கு அடியில ஒட்டி, அப்பிடியே ஒட்டி ஒட்டிப் பாய் மாதிரிச் சுருட்டி அனுப்பியிருக்காங்க."

"வாங்குனவங்க என்ன செஞ்சாங்க?"

"படிக்கவே இல்லம்மா. அடிமைகளப் பத்தி மனு வந்தா படிக்காம அப்படியே ஓரமா வச்சிடணும்னு ஒரு விதியே போட்டுட்டாங்க."

அவள் கை நின்றது. "படிக்காமலா? அப்புறம் இவங்க என்ன செஞ்சாங்க?"

"மறுபடி அனுப்புனாங்க. முன்னவிட அதிகமா. சில வருஷம் இப்பிடியே. கடைசியில அந்த விதிய எடுத்தாங்க. அடிமை முறை போறதுக்கு அதுக்கப்புறமும் ரொம்ப நாள் ஆச்சு. ஒரு யுத்தமே வந்துச்சு."

"நல்ல வம்பு பிடிச்ச பொம்பளைங்கதான்" என்று அம்மா சிரித்தாள். அவளுக்கு அவர்களைப் பிடித்துவிட்டது என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் வாளிக்குள் காலை அசைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "பாய் நீளம்னா, முதல் பேரு யாருன்னு யாரும் பாக்க மாட்டாங்க, இல்லியா?"

"மாட்டாங்க."

"பதினாலு பேருக்கு அவ்வளவு நீளம் வராதே மக்கா."

இந்த ஒரு பேச்சைத்தான் அவள் மறுநாள் மத்தியானச் சோற்றோடு கடைக்குக் கொண்டுபோனாள். அதன்பிறகு நடந்தவற்றில் என் பங்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தது மட்டும். மீதியை அம்மாவும் சேச்சியும் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

சாப்பிடும் இடத்தில் அம்மா அமெரிக்கப் பெண்களின் கதையைச் சொல்லியிருக்கிறாள். முதல் பெயர் வராமல் எப்படி எழுதுவது என்று பேச்சு வந்தபோது, சேச்சி கையைக் கழுவிவிட்டு வந்து மெஷின் பெட்டியிலிருந்து வெள்ளை ஃபால்ஸ் பட்டை ஒன்றை எடுத்தாராம். சொந்தப் பணத்தில் வாங்கியது, கடைச் சரக்கு இல்லை என்று அழுத்திச் சொல்லச் சொன்னார். அதனால் எழுதுகிறேன். பட்டையின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, "இதை இங்ஙனே தைச்சா எங்கே தொடக்கம்? எங்கே முடிவு? நோக்கிச் சொல்லுங்க" என்றார்.

துணி மூட்டைக்கு நம்பர் எழுதும் மார்க்கரால் பதினாலு பேரும் அவரவர் மொழியில் கையெழுத்துப் போட்டார்கள். எட்டு மலையாளம், ஆறு தமிழ். போட்டபின் சேச்சி முனைகளைச் சேர்த்து, தையல் எங்கே இருக்கிறது என்று தடவினாலும் தெரியாதபடி வளையமாகத் தைத்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அடுத்து, என்ன கேட்பது. அன்று அம்மா வீட்டுக்கு வந்து, "ஒரே ஒரு வரி எழுது. மலையாளத்துல" என்றாள். நான் மிகவும் பவ்யமாக எழுதினேன்: வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஸ்டூலில் உட்கார அனுமதிக்கவேண்டும். வாசித்துக் காட்டினேன்.

"அனுமதி வேண்டாம்" என்றாள் அம்மா.

"ஏம்மா?"

"அத சட்டத்துலயே குடுத்தாச்சுன்னு நீதானே சொன்ன? குடுத்தத திரும்பக் கேட்டா, அப்ப இவ்வளவு நாளும் இல்லன்னு ஆயிடும் அல்லே? ஸ்டூல் மேல இருக்க பெட்டிய எடுத்தாப் போதும். அத எழுது."

நான் எழுதினேன். 'ஸ்டூல்களின் மேல் இருக்கும் பெட்டிகளுக்கு வேறு இடம் கொடுக்க வேண்டும்.' இரண்டு பக்கச் சங்கிலியும் கண்ணீரும் இந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. அந்த வரியைப் புடவையில் கட்டும் விலைச்சீட்டு ஒன்றில் எழுதி, நூலில் கோத்து, வளையத்தில் தொங்கவிட்டார்கள்.

பெயருக்கு முதல் இல்லை என்றாகிவிட்டது. ஆனால் முதலாளி கையில் கொடுக்க ஒரு கை வேண்டுமே? அதில் இரண்டு நாள் போயிற்று. மூன்றாவது நாள் சேச்சிதான் வாசலில் நிற்கிற பொம்மையைக் காட்டினாராம். புதுப்புடவை கட்டி எப்போதும் சிரித்துக்கொண்டு நிற்கும் பொம்மை. "இவளும் நம்மளைப் போலதான். நாள் முழுக்க நில்ப்பு. இவ கொடுக்கட்டே. ஸ்டாக் ரூமுக்கு மாத்தினா இவளை மாத்தட்டும்."

திங்கட்கிழமை காலை முதலாளி வருவார். அன்று கடை திறந்ததும் வளையத்தைப் பொம்மையின் கழுத்தில் மாலையாகப் போட்டார்கள். சூப்பர்வைசர் பில் கவுண்டரில் இருந்ததால் பார்க்கவில்லை. முதலாளி பார்த்தார். நின்றார். கழற்றி விலைச்சீட்டை வாசித்தார். பிறகு வளையத்தைக் கையில் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"இது ஆரு தொடங்கியது?" என்று கேட்டார்.

மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சேச்சி வெறும் துணியை ஓட்டிக்கொண்டிருந்தாராம்.

முதலாளி வளையத்தை இன்னொரு சுற்றுத் திருப்பினார். "பெட்டிக்கு வேறே எடம் எவிடே இருக்கு இந்தக் கடையில்?" கோபமாக இல்லை, கடைக்காரராகத்தான் கேட்டார்.

கடைக் கேள்வி என்றால் அம்மாவுக்குப் பதில் தானாக வந்துவிடும். புடவை இருக்கிறதா என்று கேட்டால் வருவது போல வந்துவிட்டது. "மாடிப்படிக்கு அடியில எடம் இருக்கு சார். ரெண்டு தட்டு அடிச்சா எல்லாப் பெட்டியும் நிக்கும். அளந்து பாத்தாச்சு."

சொன்னபிறகுதான் தான் பேசிவிட்டதே அவளுக்கு உறைத்தது. முதலாளி அவளைப் பார்த்தார். வளையத்தை மடித்து மேசை டிராயரில் போட்டு மூடினார்.

"படிக்காம ஓரமா வச்ச மாதிரிதான் ஆச்சு" என்று அன்று வீட்டுக்கு வந்து சொன்னாள். ஒவ்வொரு நாள் காலையும் அவள் கிளம்பும்போது, இன்று மூன்றாம் மாடி என்று சொல்லிவிடுவார்களோ என்று நினைப்பேன். அவளும் அதைத்தான் நினைத்தாள். பையில் காலுக்குச் சுற்றும் பட்டையை ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வைத்துக்கொள்வாள்.

அந்த வாரம்தான் என் செமினார். நாற்பது பேர் முன்னால் நின்று பேசினேன். வீடு வீடாகப் போன பெண்களைப் பற்றித்தான் அதிகம் பேசினேன். முடிந்ததும் நிலவரிக்காரன் எழுந்து, "மனுவ வாசிக்கவே இல்லல்லோ. பின்னே அதனால எந்து பிரயோஜனம்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. எழுதி வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. அதைச் சொல்லவில்லை. "கதவைத் தட்டித் தட்டி அந்தப் பெண்களுக்குப் பேசப் பழகிவிட்டது. பிறகு தங்களுக்காகவும் பேசினார்கள். வாங்கியவன் படிக்கவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்ட ஒவ்வொருத்தியும் அதைப் படித்தோ, படிக்கக் கேட்டோதானே போட்டாள்?" என்றேன். சொல்லும்போது எனக்குப் படிக்கு அடியில் இடம் அளந்த அம்மாதான் தெரிந்தாள். எதைக் கொண்டு அளந்திருப்பாள் என்று அப்புறம் கேட்டேன். புடவை முந்தானையால். அவள் முந்தானை எத்தனை முழம் என்று அவளுக்குத் தெரியாதா?

பத்து நாள் ஆயிற்று. பதிலில்லை. பதினொன்றாம் நாள் காலை அம்மா தலை பின்னிக்கொண்டே, "மறுபடி குடுக்கணும் இல்லியா? அவங்க அப்பிடித்தானே செஞ்சாங்க?" என்றாள். சேச்சி இரண்டாவது பட்டையை வாங்கிவிட்டாராம். இந்தத் தடவை நீல நிறம்.

பயத்தை மீறி எனக்குச் சிரிப்பு வந்தது. "இன்னும் ரெண்டு நாள் பாப்போமே" என்றேன்.

"நீ என்ன, எழுதும்போது புலி. இப்ப என்ன பூனை?" என்றாள்.

நீலப் பட்டையில் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தபோது ஒரு தச்சர் வந்தார். அவர் படிக்கு அடியில் குனிந்து உள்ளே போய், இரண்டு தட்டு அடித்துவிட்டுப் போனார். சாயங்காலம் சூப்பர்வைசரே நின்று பெட்டிகளை இறக்கி வைத்தார். "எடம் உண்டல்லோ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாராம், தானே கண்டுபிடித்ததைப் போல.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். முடியவில்லை. மறுநாள் ஆறு ஸ்டூலும் காலியாக இருந்தன. ஒருத்தியும் உட்காரவில்லை. ஓணம் கழிந்த மாசம், மத்தியானத்தில் கடையில் ஈ ஓட்டுகிற நேரம். எல்லாரும் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் தானாகவே நின்று பழகிவிட்டது. கையெழுத்தில் இல்லாமல் செய்த 'முதல் ஆள்' இப்போது ஸ்டூலில் வந்து காத்திருந்தது.

இரண்டாம் நாள் மூன்று மணிக்குச் சேச்சி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"என்ன சேச்சி?" என்றாள் அம்மா.

"நிங்களெல்லாம் நில்க்குதே. எனக்கு மட்டும் எந்துக்கு இருப்பு? ஆரெங்கிலும் ஒராள் இரிக்கட்டே. அதுவரைக்கும் மெஷின் ஓடாது. அவசர ஃபால்ஸ் நாலு கிடக்கு, கேட்டா?"

மெஷின் சத்தம் நின்றால் கடையே செவிடானது போலிருக்கும் என்று அம்மா சொல்வாள். பில் கவுண்டரிலிருந்து சூப்பர்வைசர் தலையைத் தூக்கினார். பதிமூன்று பேர் நிற்கிறார்கள், பதினாலாவது ஆளும் நிற்கிறார். அம்மா ஸ்டூலைப் பார்த்தாள். பிறகு, "என்னத்த, போங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. சூப்பர்வைசர் தலையைக் குனிந்து பில்லைப் பார்த்தார். அடுத்து இருவர் உட்கார்ந்தார்கள். ஆறு ஸ்டூல், பதிமூன்று பேர், அதனால் முறை போட்டுக்கொண்டார்கள். சேச்சி மெஷினுக்குத் திரும்பினார்.

எனக்கு இதைக் கேட்டு மட்டும் இருக்க முடியவில்லை. அந்த வாரமே ஒரு நாள் கல்லூரி விட்டு நேராகப் பழவங்காடியில் இறங்கினேன். மூன்றரை மணி. பிள்ளையார் கோயில் வாசலில் தேங்காய் உடைக்கும் சத்தம். கடைக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பொம்மை புதிதாகப் பச்சைப் புடவை கட்டியிருந்தாள். உள்ளே கவுண்டருக்குப் பின்னால் அம்மாவைத் தேடினேன், வழக்கமான உயரத்தில். அந்த உயரத்தில் அவள் இல்லை. ஒரு நிமிஷம் பதறிவிட்டேன், மூன்றாம் மாடியோ என்று.

அவள் கீழே இருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, வலது காலை இடது காலின் மேல் போடாமல் நேராக நீட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, மலையாளப் பெண்கள் கட்டும் செட்டுமுண்டு ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். கதவுச் சத்தம் கேட்டதும் பதினாறு வருஷப் பழக்கத்தில் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள். முகத்தில் கஸ்டமருக்கான சிரிப்பும் வந்துவிட்டது. அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"சே, நீயா?" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.